மேளக்காரர் பேர் என்ன?

கரிசல் காட்டில் விடிய விடிய ஒலிக்கும் நாயனத்தை உலகத்தின் புதுமை இசை ரசிகர்கள் இசைத்தட்டுகளில் தேடிக் கேட்கிறார்கள். தாயில்பட்டிப் பொங்கல் மேளம் மட்டும் ஏன் விடிந்ததும் காற்றோடு போகிறது?

ராத்திரி பதினோரு மணி. வெம்பக்கோட்டை வட்டாரத்தில், தாயில்பட்டியைச் சுற்றிப் பங்குனிப் பொங்கல் சாட்டிய ஊர்களில் அந்த நேரத்துக்கு மேல்தான் நையாண்டி மேளம் சூடு பிடிக்கும். பட்டாசு ஆலைக்கு லீவு. மருந்து கலக்கிற கையும் திரி பின்னுகிற கையும் கழுவித் துடைத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்திருக்கின்றன. பின்சுவரோரம் தவில்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வலதுகை விரல்களுக்குக் கூடு மாட்டுகிறார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் சுற்றிக் காயவைத்த கூடு அது, கல்லைப் போல இறுகியிருக்கிறது. ஒவ்வொரு விரலாக அழுத்தி, தரையில் தட்டிப் பார்க்கிறார். நாயனக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்துகிறார். அது சரியாக ஊறாமல் அவர் ஒரு சுரம்கூட ஊத மாட்டார்.

முதல் ஒரு மணி நேரம் கூட்டம் கேட்ட சினிமாப் பாட்டு. கரகம் ஆடுகிறவர்கள் மூச்சு வாங்க ஒதுங்கும்போதுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. நாயனம் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. அதை வளைக்கிறது, அழவைக்கிறது, கீறுகிறது. உருமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சி உரசி உறுமல் கிளம்புகிறது. தவில் ஒரு கணக்கில் போகிறது, பம்பை இன்னொரு கணக்கில் போகிறது, இரண்டும் எங்கேயோ ஓரிடத்தில் இடித்துக்கொண்டு விழுகின்றன. ஆட்டத்தைப் பார்க்காமல் மேளத்துக்குப் பக்கத்திலேயே தலையைக் குனிந்து நிற்கிற பத்துப் பேர் அப்போது நிமிர்ந்து ஒரு சத்தம் போடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பத்துப் பேரைப் பற்றியது. எந்த செட்டில் இரண்டாம் நாயனம் பிசகுகிறது, எந்தத் தவில்காரருக்கு இடதுகைக் குச்சி பேசும் என்று மறுநாள் டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் இவர்கள்தான். இவர்களைப் போலவே நியூயார்க்கிலும் மியூனிக்கிலும் டோக்கியோவிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவாண்ட் கார்ட் ஜாஸ், பரிசோதனை ராக், புதுக் கிளெஸ்மர் என்று மூன்று பிரிவாகத் தட்டுகளை அடுக்கிவைத்து, எந்தப் பதிவில் எந்தக் கலைஞர் என்ன செய்தார் என்று வருடக்கணக்காக வாதாடுகிற கூட்டம். இரண்டுக்கும் ரசனையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர்கள் கையில் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டின் உறையில் வாசித்தவரின் பெயர் இருக்கிறது. நம்மவர்களிடம் இரண்டும் இல்லை.

மியூனிக்கில் ஒரு நாயனம்

சார்லி மரியானோ என்றொரு சாக்ஸபோன் கலைஞர். 1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். ஜாஸ் உலகத்தின் பெரும் புரட்சிக்காரரான சார்லஸ் மிங்கஸ் 1963இல் பதிவுசெய்த ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’யில் ஆல்ட்டோ சாக்ஸபோன் இவருடையது. 1960களில் மலேசியாவுக்குப் போன இடத்தில் அவர் காதில் நாதஸ்வரம், அதாவது நம் நாயனம், விழுந்தது. மலேசியாவில் அந்த வாத்தியம் எங்கே ஒலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தோட்டக்காட்டுக்குப் போன தமிழர்கள் கட்டிய கோயில்களில்தான். மரியானோ அதை முறையாக உட்கார்ந்து கற்றார், பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்து கற்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். மியூனிக்கைச் சேர்ந்த ‘எம்ப்ரியோ’, 1969இல் கிறிஸ்டியான் புர்க்ஹார்ட் தொடங்கிய குழு. ஜெர்மானியப் பரிசோதனை ராக் என்றால் ரசிகர்கள் உடனே சொல்லும் பெயர்களில் ஒன்று. அவர்களுடைய 1973ஆம் வருடத்து ‘வீ கீப் ஆன்’ தட்டில் மரியானோ நாதஸ்வரம் வாசித்திருக்கிறார். 1975இல் ஜெர்மன் பேஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் பதிவுசெய்த ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ தட்டிலும் அதே நாதஸ்வரம். கலைஞர் பட்டியலில் வாத்தியத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. எலெக்ட்ரிக் பியானோவுக்கு நடுவிலிருந்து நம் ஊர் சீவாளிச் சத்தம் கிளம்பும்போது, அதுவரை கேள்விப்படாத புது வாத்தியம் என்று ஐரோப்பிய ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எம்ப்ரியோ குழுவினர் 1978இல் பஸ்ஸில் கிளம்பி, ஆப்கானிஸ்தான் வழியாக, தரை மார்க்கமாகவே இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

மரியானோ 2009இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார். அவருடைய தட்டுகளை இன்றும் மறுபதிப்பு போடுகிறார்கள். நாதஸ்வரத்தில் ஜாஸ் வாசிக்க முடியும் என்பதை நிரூபித்தவர் ஒரு பாஸ்டன்காரர் என்பதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. அவர் கற்ற மண்ணில், அதே வாத்தியத்தில், அதே துணிச்சலோடு ஊதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல்கூட நம்மிடம் இல்லையே என்பதுதான் உறுத்துகிறது.

கல்யாண வீட்டுக் கிளாரினெட்

கிளெஸ்மர் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வீட்டு இசை. பெண்ணழைப்புக்கு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, பந்திக்கு, ஆட்டத்துக்கு என்று ஒவ்வொரு சடங்குக்கும் தனி வாசிப்பு. முதலில் வயலின், பிறகு கிளாரினெட் தலைமை வாத்தியம். தொண்டை அடைத்து விம்முகிற மாதிரி சுரத்தைச் சட்டென்று உடைப்பது அதன் அடையாளம். வாசிக்கிறவர்களுக்குச் சமூகத்தில் பெரிய மரியாதை கிடையாது. கல்யாணத்துக்கு அவர்கள் கட்டாயம் வேண்டும், ஆனால் நல்ல இடத்துக்காரர் அவர்களுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார். படிக்கும்போது நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அந்தக் கிராமங்களையே அழித்தார்கள். வாசித்தவர்களும் கேட்டவர்களும் மொத்தமாகப் போனார்கள். அமெரிக்காவுக்கு முன்பே குடிபெயர்ந்திருந்த கலைஞர்களின் பிள்ளைகளோ அந்த இசையைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கினார்கள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், நாஃப்டூலே பிராண்ட்வைன், டேவ் டாரஸ் போன்ற கிளாரினெட் கலைஞர்கள் 1920களில் நியூயார்க்கில் வாசித்துவைத்த 78 சுற்று இசைத்தட்டுகள். அப்போது அவை மளிகைக் கடைக்காரரும் தையல்காரரும் வாங்கிப் போட்ட சாதாரணத் தட்டுகள். யாரும் கலைப் பொக்கிஷம் என்று நினைத்துப் பதிவுசெய்யவில்லை.

1970களில் இளைஞர்கள் சிலர் அந்தத் தட்டுகளைப் பரணிலிருந்தும் ஆவணக் காப்பகங்களிலிருந்தும் எடுத்தார்கள். கீறல் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு சுரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் ‘தி கிளெஸ்மோரிம்’ குழு 1977இல் முதல் தட்டை வெளியிட்டது. 1986இல் நியூயார்க்கில் ‘கிளெஸ்மாட்டிக்ஸ்’ உருவானது. பழையதை அப்படியே வாசித்துக்கொண்டிராமல் ராக், ஜாஸ், அரசியல் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள். டான் பைரன் என்ற கறுப்பினக் கிளாரினெட் கலைஞர் 1993இல் கிளெஸ்மர் தட்டே போட்டார். பிறப்பு எதுவானாலும் காதில் ஏறிவிட்டால் அந்த இசை தன்னுடையது என்று அவர் நின்றார்.

அடுத்த ஆண்டு சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஜோர்ன் வந்தார். ‘மசாதா’ என்ற அவருடைய நால்வர் குழுவில் பியானோ கிடையாது. சாக்ஸபோன், டிரம்பெட், பேஸ், டிரம்ஸ் மட்டும். 1959இல் ஆர்னெட் கோல்மன் ஜாஸின் இலக்கணத்தை உடைத்தாரே, அதே அமைப்பு. அதற்குள் யூதக் கல்யாண வீட்டின் சுர வரிசைகளை ஊற்றினார் ஜோர்ன். முதல் தட்டு ‘ஆலஃப்’ 1994இல் ஜப்பானிலிருந்து வெளியானது. பாட்டுத் தொகுப்பு வளர்ந்து வளர்ந்து மொத்தம் 613 மெட்டுகளில் போய் நின்றது. 1995இல் ‘ட்சாடிக்’ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். எந்தப் பதிவில் யார் வாசித்தார், எந்த ஸ்டூடியோ, எந்த நாள் என்று உறையில் ஒரு தகவல் விடாமல் அச்சடிப்பார்கள். ரசிகர்கள் வாதாடுவதற்கு வேறென்ன வேண்டும்?

கரிசல் காதுகள்

“இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், கரிசல் காட்டுக்கு எதுக்கு?” என்று கேட்கிறவர்கள் சாத்தூரைத் தாண்டி எட்டயபுரம் வரைக்கும் போய் வர வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமான ஊர் அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்யம் எழுதியவர் அவர். இன்றும் பாடப்படுகிற நோட்டு சுரங்கள் அவை. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரரின் வயலினைக் கையில் எடுத்துக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகவும் இருந்தவர். 1904இல் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டதும் எட்டயபுரத்தில்தான். சோதனை முயற்சியும் அதைப் பதிந்துவைக்கும் புத்தியும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன.

அடுத்து விளாத்திகுளம் சுவாமிகள். கீர்த்தனை, பல்லவி என்று போகாமல் ராக ஆலாபனையிலேயே மணிக்கணக்காக மூழ்கிக் கிடந்தவர். முன்கூட்டி எழுதிவைத்த எதுவும் இல்லாமல் அந்த நிமிடத்தில் தோன்றுவதைப் பின்தொடர்ந்து போவதுதானே ஜாஸ்காரர்கள் கொண்டாடும் சுதந்திர வாசிப்பு! இடைசெவலின் இரண்டு எழுத்தாளர்கள், கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும், அவருடைய இசைக்கு அடிமையாகக் கிடந்தார்கள். கதை எழுதுகிறவர்களும் சம்சாரிகளும் ஒரு பாடகரைச் சுற்றி உட்கார்ந்து ராகத்தை அலசிய ஊர் இது.

கோவில்பட்டியில் காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு அவருடைய நாதஸ்வரம் ஓடிப் பிடித்து விளையாடியது, தமிழ்நாட்டில் நாதஸ்வரம் கேட்காதவர்களையும் கேட்கவைத்தது. 1964இல், நாற்பதைத் தொட்ட சில வருடங்களிலேயே மறைந்துவிட்டார். இசைத்தட்டும் வானொலியும் சினிமாவும் பதிந்துவைத்ததால் அவருடைய வாசிப்பை இன்றைக்கும் ஒரு பதினெட்டு வயதுப் பையன் ஃபோனில் கேட்கிறான். அதே காலத்தில் அதே சீமையில் கரகத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் ஊதிய நையாண்டி மேளக்காரர்களின் வாசிப்பு? பெரும்பாலும் கேட்டவர்களின் ஞாபகத்தோடு சரி.

| பெட்டிச் செய்தி: ராம்நாடு, நியூயார்க், 1975 |
1975 ஜூலை 5. நியூயார்க் மாநிலத்தின் சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் ‘சக்தி’ குழுவின் கச்சேரி. கிதார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் டி.எச்.விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாடு ராகவன். அந்த நேரடிப் பதிவுதான் சக்தியின் முதல் தட்டு. ராகவன் பேரில் ஒட்டியிருக்கும் ராமநாதபுரம், 1985 வரை சிவகாசியையும் சாத்தூரையும் உள்ளடக்கியிருந்த மாவட்டம். ஜாஸ் ரசிகர்களை வாய்பிளக்க வைத்த கடத்துக்குப் பேர்போன ஊரான மானாமதுரையும் அப்போது அந்த மாவட்டம்தான். அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. வாத்தியம் வாசித்தவரைத் தாண்டிச் செய்தவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அபூர்வத் தருணம். சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ 2024 பிப்ரவரியில் கிராமி வென்றது. அதில் கஞ்சிரா வாசித்த செல்வகணேஷ், விநாயக்ராமின் மகன்.

பேர் இல்லாததால் என்ன போச்சு?

நிறையப் போயிருக்கிறது.

முதலாவது, பணம். 1994 திருத்தம் மேடைக் கலைஞர்களுக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் கொடுத்தது. 2012 திருத்தம், அவர்களுடைய நிகழ்ச்சி வணிகமாகப் பயன்பட்டால் ராயல்டியில் பங்கு உண்டு என்றது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவிழாவில் யாரோ ஃபோனில் எடுத்த இரண்டு மணி நேர வீடியோவில் நாயனம் வாசிப்பவர் யார் என்று எழுதாதபோது, அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு யார் போய் எங்கே நிற்பது? ‘நையாண்டி மேளம் சூப்பர்’ என்ற தலைப்போடு அது லட்சக்கணக்கான பேரிடம் போகலாம். மேளக்காரருக்கு அப்படியொரு வீடியோ இருப்பதே தெரிந்திருக்காது. பேரும் புகழும் உள்ளவர்களுக்கே வழி சுலபமாக இல்லை. ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டின் வருமானம் தங்கள் கைக்கு வரவில்லை என்று 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார்.

இரண்டாவது, பாடம். ஜாஸ் படிக்கிற பையன் கோல்ட்ரேன் 1957இல் எப்படி வாசித்தார், 1965இல் எப்படி மாறினார் என்று தட்டை வரிசையாகப் போட்டுக் கேட்டுக் கற்கிறான். நம் ஊரில் நாயனம் கற்கிற பையனுக்கு மாமாவின் வாசிப்பு தெரியும், மாமாவின் குரு வாசித்தது தெரியாது. இடையில் ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால் கண்ணி அறுந்துவிடும். பட்டாசுக்கும் அச்சகத்துக்கும் தீப்பெட்டிக்கும் போகிற ஊரில் அது தினமும் நடக்கிறது. கிளெஸ்மரை மீட்டெடுக்க 78 சுற்றுத் தட்டுகள் இருந்தன. இங்கே ஒரு கண்ணி அறுந்தால் எதை வைத்து மீட்பது?

மூன்றாவது, மரியாதை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். நையாண்டி மேளமும் உருமியும் பறையும் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் சேவைச் சாதி என்று ஒதுக்கப்பட்ட குடிகளிலிருந்தும் வருகிறவர்கள். மேளம் இல்லாமல் சாமி நகராது என்று சொல்கிற ஊரே, மேளக்காரருக்குப் பந்தியில் எங்கே இலை போடுவது என்று யோசித்த காலம் வெகுதூரத்தில் இல்லை. பேர் கேட்காமலே வேலை வாங்கிப் பழகியதால்தான் பேர் பதிவாகவில்லை. ‘யாருய்யா மேளம்?’ என்று கேட்டால் ஊர்ப் பேர்தான் பதிலாக வரும்.

நான்காவது, பிழைப்பு. பங்குனி முதல் ஆடி வரை ஓடியாடிச் சம்பாதித்ததை வைத்து மற்ற மாதங்களைத் தள்ள வேண்டிய தொழில். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது பங்குனியில், 2021இல் இரண்டாம் அலை வந்தது சித்திரையில். இரண்டு முறையும் சீசனே அடிபட்டது. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு உதவி கிடைக்க வழி இருந்தது, பதியாதவர்களுக்கு அதுவும் இல்லை. மேளத்தை அடமானம் வைத்துக் கட்டட வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. திரும்பிய இடத்தில் கல்யாண மண்டபங்களைச் செண்டை மேளமும் டிஜேவும் பிடித்திருந்தன. செண்டை அருமையான வாத்தியம், அதன் மேல் குறையில்லை. ஆனால் அந்த மேளக்காரர்கள் சீருடையோடும் குழுப் பேர் எழுதிய பதாகையோடும் வருகிறார்கள். தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்குக் கூலியும் கூடுதல்.

| பெட்டிச் செய்தி: ஒரு ராத்திரிக்குக் கேட்க |
எம்ப்ரியோ – ‘வீ கீப் ஆன்’ (1973): ராக்குக்குள் நாதஸ்வரம்.
மசாதா – ‘ஆலஃப்’ (1994): கல்யாண வீட்டுச் சுரங்கள், கட்டறுத்த ஜாஸ்.
ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத் – ‘கின்ஸ்மென்’ (2008): இரண்டு சாக்ஸபோன்களின் உரையாடல். ‘டூயட்’ படத்தில் சாக்ஸபோன் கேட்டு மயங்கியவர்களுக்குக் கத்ரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய தகப்பனார் நாதஸ்வரக் கலைஞர்.
விஜய் ஐயர், பிரசன்னா, நிதின் மிட்டா – ‘தீர்த்தா’ (2011): அமெரிக்கத் தமிழ்க் குடும்பத்துப் பியானோவும் தமிழ்நாட்டுக் கிதாரும்.

அசைவுகள் இருக்கின்றன

2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய குழு. சாவு வீட்டில் வளர்ந்த கானாவை எலெக்ட்ரிக் கிதாரோடும் ராப்போடும் நிறுத்தி, சாதியைப் பேர் சொல்லிப் பாடினார்கள். கிளெஸ்மாட்டிக்ஸ் செய்ததற்கும் இதற்கும் உறவு உண்டு என்பது என் கட்சி. சடங்குக்கு வாசித்த இசையை அதன் கோபத்தோடும் கொண்டாட்டத்தோடும் மேடைக்குக் கொண்டுவருவது இரண்டுக்கும் பொது. 2021இல் ‘கர்ணன்’ படத்துக்காகச் சந்தோஷ் நாராயணன் கிடாக்குழி மாரியம்மாளைப் பாடவைத்தார், பாடியவர் பேர் ஊருக்கெல்லாம் தெரிந்தது. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நையாண்டி மேளத்துக்கு இதுபோல ஒரு வாசல் இன்னும் திறக்கவில்லை. சினிமாவில் அது வரும்போது கரகத்துக்குப் பின்னணியாகவோ காமெடிக்கோ வருகிறது. மேளம் மட்டும் ஒரு மணி நேரம், பாட்டு இல்லாமல், ஆட்டம் இல்லாமல், நல்ல மைக் வைத்துப் பதிந்த தட்டு வேண்டும். மியூனிக்கில் நாயனத்தை வியந்த ரசிகர்கள் அதைத் தேடி வாங்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைவிட முக்கியம், தாயில்பட்டியில் தலைகுனிந்து நிற்கிற அந்தப் பத்துப் பேர் கையில் அது இருப்பது.

செலவு பெரிதில்லை. பொங்கலுக்கு மைக் செட் எப்படியும் வருகிறது. மிக்ஸரிலிருந்து ஒரு ஒயரை ஃபோனுக்கோ சின்னப் பதிவுக் கருவிக்கோ இழுத்தால் ராத்திரி முழுக்கப் பதிவாகிவிடும். சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. நாட்காட்டியிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அச்சடிக்கிற ஊர். பொங்கல் நோட்டீஸில் வரி கொடுத்தவர்கள், உபயதாரர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று பேர்கள் நெருக்கியடித்து நிற்கும், கீழே ஒற்றை வரியில் ‘நையாண்டி மேளம், கரகாட்டம்’ என்று முடியும். அந்த வரிக்கு அடுத்து நான்கு வரி சேர்த்தால் போதும்: முதல் நாயனம் இன்னார், இரண்டாம் நாயனம் இன்னார், தவில் இன்னார், பம்பை, உருமி இன்னார், எந்த ஊர். வரி கணக்கு எழுதுகிற நோட்டிலும் அதே பேர்களைத் தேதியோடு எழுதிவைக்கலாம். அடுத்த பங்குனிக்கு நோட்டீஸ் அடிக்க மாசியிலேயே அச்சகத்துக்குப் போவார்கள். அதற்கு முன்னால் மேளக்காரர்களுக்கு ஒரு ஃபோன் போட்டுப் பேர்களைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.